யாழ்முரி உணர்த்தும் பயிற்சி நெறி

திருச்சிற்றம்பலம்.



மாங்கனித் திருவிழாவால் சிறந்த இக்காரைக்காற் பதியிலே இசையைப் பற்றிப் பேசுதல் சாலப் பொருத்தம் உடையது. மூவர் முதலிகளுக்கு முன்னரே பண்ணோடு பதிகம் பாடியவர் காரைக்காலம்மையார். அவர் அருளிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. ஏழிசையின் பெயர்களையும், கூத்தப்பிரான் ஆடலுக்கு ஒலிக்கும் கருவிகள் பலவற்றையும் அன்னையார் அங்கே நிரல்பட மொழிகின்றார்.

இவ்வூருக்கு அணித்தே, திருநள்ளாறு செல்லும் வழியில், திருத்தருமபுரம் உள்ளது. ஆதீனம் விளங்கும் தருமபுரம் மயிலாடுதுறையைச் சார்ந்தது. அது வேறு, இது வேறு. இங்கே எழுந்தருளிய பெருமானுக்கு யாழ்முரிநாதர் என்பது திருநாமம். அப்பெயரின் வரலாற்றிலே இசைக்கருவி பயில்வார்க்கு உரிய பாடம் முழுவதும் அடங்கியுள்ளது.

திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் ஞானசம்பந்தப் பெருமானை அடைந்து, அவர்தம் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து வந்தார். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்குள்ள சுற்றத்தார், பாணர் யாழில் வாசிப்பதனாலேயே பதிக இசை உலகெங்கும் பரவியது என்று புகழ்ந்தனர். அது கேட்ட பாணர் நடுங்கினார். கருவியில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளி, உண்மையை உலகறியச் செய்தல் வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டினார். அப்போது எழுந்ததே முதல் திருமுறையின் இறுதியில் நிற்கும் யாழ்முரிப் பதிகம். இதனை இன்று ஓதுவாமூர்த்திகள் அடாணா இராகத்தில் ஓதுகின்றனர். பாணர் வாசிக்க முயன்றார்; நரம்பில் அடங்கவில்லை. இக்கருவியாலன்றோ இவ்வாறு ஆயிற்று என்று யாழை முரிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்தருளி, சிவசத்தியின் புகழ் ஒரு கருவியில் அடங்குமோ, வந்தவாறு வாசியும் என்று யாழை அவர் கையிலேயே கொடுத்தார்.

இதில் நாம் கொள்ளத்தக்கவை யாவை? முதலாவது, செவி. பாட்டுக்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாணரின் செவி உடனே கண்டுகொண்டது. சுற்றத்தாரின் செவி காணவில்லை. பயில்பவன் புகழுக்குச் செவி கொடுத்தால் தன் பிழையைக் கேட்கமாட்டான். ஆதலினாலன்றோ நம் ஆசிரியன்மார் முதலில் வாயாற் பாடச்செய்து, பின்னரே கருவியைத் தொடச் செய்தனர்!

இரண்டாவது, அடங்காத இடம். கைக்கு வந்த வரிசையையே நாள்தோறும் வாசித்து மகிழ்வது பயிற்சி ஆகாது. எங்கே விரல் தடுக்குகிறதோ, எங்கே மூச்சு அறுகிறதோ, அந்த இடத்தைத் தனியே பிரித்து, விளம்பத்தில் பத்து முறை திருத்தமாக வாசித்துப் பின்னரே விரைவு கூட்டுதல் வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கச் சொல்வது இதற்காகவே. முதற் காலத்தில் மறைந்து கிடக்கும் பிழை மூன்றாங் காலத்தில் பெருகி நிற்கும். வாரத்தில் ஒருநாள் ஐந்து மணி நேரம் உழைப்பதினும், வைகறையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பயில்வது கையில் நிலைக்கும்.

மூன்றாவது, கருவியைப் பேணுதல். மதுரைத் திருக்கோயிலில் பாணர் தரையிலிருந்து வாசித்தபோது, நிலத்தின் குளிர்ச்சி தாக்கினால் நரம்பு தளரும், பொற்பலகை இடுக என்று இறைவனே அருளினான் என்பது பெரியபுராணம். ஈசன் கவலைப்பட்ட கருவியை நாம் மூலையில் போடலாமோ? நாகசுரக்காரர் சீவாளியைப் பதம் பார்த்து வைத்துக்கொள்வதும் வழிபாடே.

நான்காவது, முரிக்காமை. இன்று பிள்ளைகள் பலர் இரண்டு ஆண்டு பயின்று, வரவில்லை என்று கருவியைக் கீழே வைத்துவிடுகின்றனர். வராமை கண்டு வருந்துதல் குற்றமன்று, பாணரும் வருந்தினார். வந்தவாறு வாசித்தல் என்பதே அருள்வாக்கு.

அன்பர்களே! இன்னும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அன்று யாழை முரிக்கவொட்டாமல் பிள்ளையார் காத்தார். ஆயினும் பிற்காலத்திலே பழகுவார் இன்றி அந்த யாழ் வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூலை அரங்கேற்றினார். அந்நூலால் யாழின் இலக்கணம் கிடைத்தது; பாணர் கைவழி வந்த பழக்கம் கிடைக்கவில்லை. கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால் ஏட்டினால் அதனை முழுதும் மீட்டல் அரிது.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது கண்டு மகிழ்கின்றோம். கருவி செய்வார் கை இருக்கின்றது. அதனை ஊதுவார் மூச்சும் இருக்கவேண்டுமன்றோ? ஆகவே, இத்திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி ஒலிக்கும். அதனைப் பேச்சை நிறுத்திக் கேளுங்கள். தவிலும் நாகசுரமும் பயிலும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், வைகறை ஓசையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் தடுமாறும் ஒலியும் யாழ்முரிநாதர் திருச்செவிக்கு உகந்ததே.

திருச்சிற்றம்பலம்.