சுரங்கத்து முடிவில் வெளிச்சம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உத்தியோகம் கிடைத்த செய்தியை எமக்கு எழுதிய இளைஞர் ஒருவர், 'லைட் அட் தி எண்ட் ஒவ் தி டனல்' கண்டுவிட்டேன் என்று கடிதத்தை முடித்திருந்தார். செய்தி மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அத்தொடர் அவ்விடத்துக்குப் பொருந்தாதென உடனே பதில் எழுதினோம்.

சுரங்கத்து முடிவில் வெளிச்சம் என்பது துன்பம் தீர்ந்தவன் சொல்லும் சொல்லன்று. இன்னும் இருளினுள்ளே இருப்பவன், அந்த இருளுக்கும் ஒரு முடிவுண்டெனக் கண்டு சொல்வது. சோதனையில் ஒரேயொரு வினாத்தாள் மிஞ்சியிருக்கும் மாணவன் சொல்லலாம். காய்ச்சல் இறங்கத் தொடங்கிய பிள்ளையின் தாய் சொல்லலாம். பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் வழங்குவது. உத்தியோக விண்ணப்பத்தில் வேண்டாம்.

அட்டனிலிருந்து கொட்டகலைக்குப் புகையிரதத்தில் சென்றோர் சிங்கமலைச் சுரங்கத்தை அறிவர். பெட்டி இருண்டதும் பிள்ளைகள் கூக்குரலிடுவர். யன்னலால் எட்டிப் பார்ப்பவனுக்குத் தூரத்தே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். தமிழிலே நாம் 'விடிவு' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றல்ல. நாம் உறங்கினாலும் விடியும். சுரங்கத்து வெளிச்சமோ நின்ற இடத்திலேயே நிற்கும். நாமே அதனிடம் போய்ச் சேரவேண்டும்.

வெளிச்சம் தெரியாமலே தெரிகிறதென்றவர்களும் உளர். பிரெஞ்சுத் தளபதி நவார் வியட்நாமில் தலைமையேற்ற 1953 இல் அவர் திட்டத்தைப் பற்றிய பேச்சில் இத்தொடர் அடிபட்டது. 1954 மே 7 இல் டியன் பியன் பூ வீழ்ந்தது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, 1962 டிசம்பரில், சற்று அவதானமாகவே பேசினார்: சுரங்கத்தின் முடிவு தெரியவில்லை, ஆயினும் சென்ற ஆண்டிலும் இருள் கூடவில்லை என்னும் கருத்துப்பட. அந்த அடக்கம் பின்வந்தோரிடம் இல்லை. 1967 நவம்பரில் தளபதி வெஸ்ற்மோர்லண்ட், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டதென வாஷிங்டனில் உரைத்தார். இரண்டே மாதங்களில், 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியரின் புத்தாண்டையொட்டி டெற் தாக்குதல் வெடித்தது. போர் ஓய்ந்ததோ 1975 ஏப்ரலில். அதற்கிடையில் மாண்ட பிள்ளைகளின் பெற்றோர் அந்த வெளிச்சத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பர்?

ஆங்கிலேயரிடையே ஒரு பரிகாசமும் உண்டு: தெரிவது வெளிச்சந்தான், ஆனால் எதிரே வரும் புகையிரதத்தின் விளக்கு! சிங்கமலையிலும் ஒற்றைத் தண்டவாளமே என்பதை நினைத்தால் எமக்குச் சிரிப்பு முழுதாக வருவதில்லை. நிற்கவேண்டிய வெளிச்சம் நம்மை நோக்கி வந்தால் அது வேறு வெளிச்சம்.

இளைஞருக்குப் பதிலைத் தபாலில் சேர்த்தபின்னரே அவர் கடிதத்தின் மறுபக்கத்தைப் பார்த்தோம். ஆறு மாதத்துக்குத் தற்காலிக நியமனமாம். அதன் பின்னரே நிரந்தரமாக்குவார்களாம். அப்படியாயின் அவர் எழுதியது சரியே. இன்னொரு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது.