மலையில் விழுந்தால் யார் பொறுப்பு?

(அட்டனில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சட்ட வகுப்பில் எமது சங்கத்தின் தொழிலுறவு அதிகாரி ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து போகும்போது ஒரு தலைவி என்னை மறித்துக் கேட்டார். “ஐயா, வெளிநாட்டிலே வேலை செய்ய முடியாமப் போனா மாசா மாசம் இன்சூரன்ஸ் காசு வருதாமே, நமக்கு அப்படி ஒண்ணு இருக்கா?” பஸ்சுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

இல்லை. வேலை செய்ய இயலாமல் போன தனியார் துறைத் தொழிலாளிக்கு ஆயுள் முழுக்க மாதாந்தம் சம்பளம்போல் தருகிற காப்புறுதி இலங்கையில் கிடையாது. பக்கத்தில் தமிழ்நாட்டில், இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவான ஆலைத் தொழிலாளி வேலை விபத்தில் நிரந்தரமாக ஊனமுற்றால் மாதாந்த உதவி பெறுகிறார். நமக்கு இருப்பவை நாலைந்து தனித்தனிச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு படிவம், வேறு கந்தோர், வேறு நிபந்தனை. எது யாருக்குப் பொருந்தும் என்று தெரியாததால்தான் நம் ஆட்கள் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். பிரித்தானியாவில் இப்படியொரு சட்டம் 1897இலேயே வந்துவிட்டது, இந்தியாவில் 1923இல். தேயிலை அனுப்பிய நமக்குத்தான் கடைசியாக வந்தது. சரி, வந்ததே. இதில் பணம் தரவேண்டியது துரைமார் கம்பனி. அரசாங்கம் அல்ல. தொழிலாளி ஒரு சதமும் கட்டியிருக்கத் தேவையில்லை. எத்தனை வருடச் சேவை என்ற கேள்வியும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விபத்து நடந்தாலும் உரிமை உண்டு.

சட்டம் கேட்பது இதைத்தான்: காயம் ஒரு விபத்தால் ஏற்பட்டதா? அந்த விபத்து வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நடந்ததா? கொழுந்து மலையில் குளவி கொட்டினால் ஆம். கொழுந்துச் சாக்கோடு நிறுக்கப் போகும் வழியில் கான் தாண்டும்போது சறுக்கி விழுந்தால் ஆம். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால், ஸ்டோரில் ரோலரில் கை மாட்டினால், தேயிலைக்குள் படுத்திருந்த சிறுத்தை பாய்ந்தால், எல்லாம் ஆம். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். நட்டஈட்டின் உச்சத் தொகையும் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரைக்கும் உள்ள படிக்கட்டு நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படிக்கட்டுக்கும் இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது.

உரிமை போகிற இடங்களும் உண்டு. குடிபோதையில் இருந்ததால் விபத்து நடந்தது என்றால், பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறினால், மெஷினின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினால், நிர்வாகம் மறுக்கலாம். “வேண்டுமென்றே” என்ற சொல்லைக் கவனியுங்கள். அசதியில் கை தவறியது வேண்டுமென்று செய்ததாகாது. கையுறையே கொடுக்காத தோட்டம் “கையுறை போடவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி நான் அதிகம் சண்டை பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்: ஆஸ்பத்திரித் துண்டு. ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், குளவிக்குப் பயந்து ஓடிய ஒரு அம்மா பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தோட்டத்து லொறியில் கொண்டுபோனார்கள். கூடப் போனவர் டாக்டரிடம் “விழுந்துட்டாங்க” என்று மட்டும் சொன்னார். துண்டிலும் “விழுந்தது” என்று மட்டும் எழுதப்பட்டது. எங்கே, எப்போது, எதனால் என்று ஒரு சொல் இல்லை. பிறகு நட்டஈடு கேட்டபோது, லயத்து வாசலில் விழுந்தார் என்று நிர்வாகம் சாதித்தது. அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பேர் போட்டிருந்த செக்ரோலும், பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த இரண்டு பெண்களின் சாட்சியமும்தான் கைகொடுத்தன. அதற்கு அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஆகவே கூடப் போகிறவர் யாராக இருந்தாலும் “வேலை நேரத்தில், இன்ன நம்பர் மலையில், குளவி கொட்டி விழுந்தார்” என்று முழுவதையும் சொல்லவேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகத்திலும் அன்றைக்கே பதிய வையுங்கள். துரைக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையெழுத்தோ சீலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

காயம் ஆறிய பிறகு, உழைக்கும் சக்தி நூற்றுக்கு எத்தனை வீதம் குறைந்தது என்று வைத்தியர் மதிப்பிடுவார். கை, கால், விரல், கண் ஆகியவற்றுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே வீதம் இருக்கிறது. அது விரலைத்தான் பார்க்கிறது, கொழுந்து கிள்ளுகிற விரலா என்று பார்ப்பதில்லை. என் கருத்தில் இது பெரிய குறை. சங்கங்கள் சேர்ந்து கேட்கவேண்டிய திருத்தம். தொகையைக் கணக்கிடச் சம்பளமும் பார்க்கப்படும் என்பதால், அரைப் பேர் போட்ட நாட்கள் இங்கேயும் நம்மைக் கடிக்கும். சம்பளத் துண்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கையில் ஒரு தொகையைக் கொடுத்து “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கையெழுத்து கேட்பார்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர் இருந்தாலும் கூட்டி வாருங்கள்.

விபத்தே இல்லாமல் உடம்பு போய்விட்டால்? முப்பது வருடம் கூடை சுமந்து முழங்காலும் முதுகும் தேய்ந்தவர்கள்தான் நம்மிடம் அதிகம். உண்மையைச் சொல்கிறேன், நட்டஈட்டுச் சட்டம் இவர்களுக்குப் பெரும்பாலும் உதவாது. தேய்மானத்தை அது விபத்தாக எடுப்பதில்லை. தொழில்சார் நோய்களுக்கு ஓர் அட்டவணை இருந்தாலும் முழங்கால் தேய்வு அதில் அடங்குவது கடினம்.

இவர்களுக்கான வழி ஊழியர் சேமலாப நிதி. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலை செய்ய நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாது என்று வைத்தியர் சான்றளித்தால் எந்த வயதிலும் முழுத் தொகையையும் எடுக்கலாம். இதற்குரியது கே படிவம். தொழில் காரியாலயத்தில் கிடைக்கும். “பாரமான வேலை செய்யக்கூடாது” என்று மட்டும் எழுதிய சான்றிதழ் இதற்குப் போதாது.

பணிக்கொடை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடச் சேவை முடித்தவர் எந்தக் காரணத்தால் வேலையை விட்டாலும் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபா, சேவை 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் 3,78,000 ரூபா. வேலை விட்டு 30 நாளுக்குள் தரவேண்டும். நட்டஈடு வாங்கியவருக்கும் இது உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க விடாதீர்கள்.

ஊழியர் நம்பிக்கை நிதியத்தைப் பலர் மறந்தே விடுகிறோம். தொழிலாளியிடம் வெட்டாமல் கம்பனி தன் பணத்தில் கட்டும் 3 வீதம் அது. சேமிப்போடு நிரந்தர இயலாமைக்கான உதவி, இருதய சத்திர சிகிச்சை, கண் வில்லை ஆகியவற்றுக்கும் அங்கத்தவருக்கு உதவி உண்டு. ஆனால் இவை வேலையில் இருந்து, பணம் கட்டப்பட்டுவரும் காலத்துக்குரியவை. அதனால்தான் சொல்கிறேன்: நோயாளி அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுக்கக்கூடாது. “பேரை வெட்டிட்டு காசை எடுத்துக்கோ” என்று கணக்கப்பிள்ளை அன்பாகச் சொன்னாலும், முதலில் சங்கக் கந்தோருக்கு வரட்டும். எந்த உதவியை எந்த வரிசையில் கேட்பது என்று பார்த்த பிறகு எழுதலாம்.

கைக்காசுக்குப் போகிறவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். கைக்காசு என்பதாலேயே விபத்து நட்டஈட்டு உரிமை போய்விடாது. தோட்டத்து வேலையைத்தானே செய்கிறார். அவருக்கும் சேமலாப நிதி கட்டப்படவேண்டும். எனக்குப் பயமெல்லாம் இன்னொன்றில். தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்துக்கு மட்டும் விலை தரும் முறை பரவுகிறது. அந்தத் தாளில் நீங்கள் தொழிலாளியா, குத்தகைக்காரரா? குத்தகைக்காரர் என்றால், நாளைக்குக் குளவி கொட்டினால் யாரிடம் கேட்பது? கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளை எங்களிடம் காட்டுங்கள்.

சேவையே பதியப்படாதவர்களுக்கும், எல்லாம் எடுத்துச் செலவழிந்த பிறகு படுக்கையில் கிடப்பவர்களுக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் மூலம், வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையிலும் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் “ராமாயி”, மற்றதில் “ராமாய்” என்று இருந்தே எத்தனையோ கோப்புகள் தூங்குகின்றன.

கே படிவமும், விபத்தைத் துரைக்கு அறிவிக்கும் மாதிரிக் கடிதமும் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. தோட்டத்துக்கு ஐந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் கந்தோருக்கு வாருங்கள்.