கதைப் போட்டிகளும் நம் இளைஞரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் பிள்ளைகள் வைத்தியம், இயந்திரத் தொழில், கணக்கு முதலிய துறைகளிற் புகுந்து மேன்மையுற்று வருவது கண்டு நாம் பெருமகிழ்ச்சி கொள்கின்றோம். ஆயின், அவர்களுள் ஒருவர் “கதை எழுதப் போகிறேன்” என்று சொன்னால் மட்டும் நம் முகம் சுருங்கிவிடுகின்றது. “கதை எழுதினால் அடுப்பெரியுமா?” என்று கேட்டு அவ்வார்வத்தை முளையிலேயே கிள்ளிவிடுகின்றோம். ஆதலின், கதைப் போட்டிகளைப் பற்றியும் எழுத்துப் பயிற்சி முகாம்களைப் பற்றியும் சில சொல்லி, முடிவில் நமது நிர்வாக சபையார்க்கு ஒரு விண்ணப்பமும் செய்துகொள்ள விரும்புகின்றோம்.

போட்டியில் எழுதுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் நாடகாசிரியர்கள் விழாக்காலங்களிற் போட்டியிட்டே தம் நாடகங்களை அரங்கேற்றினர். கி.மு. 431-இல் யூரிப்பிடீஸ் என்பார் ‘மீடியா’ என்னும் நாடகத்தோடு போட்டியிட்டார். போட்டியிட்ட மூவருள் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடமே! இன்றும் உலகெங்கும் அந்நாடகம் நடிக்கப்பெறுகின்றது. நடுவர் தீர்ப்பு ஒரு நாளைத் தீர்ப்பு. காலத்தின் தீர்ப்பு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் தமிழகத்திலும் போட்டிகள் நன்மை செய்தே வந்துள்ளன. 1946-இல் கலைமகள் நாவல் பரிசு பெற்ற ‘பெண்’ அகிலனை நாடறியச் செய்தது. 1966-இல் கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் முதற்பரிசு பெற்றது உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’. 1930-களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ஓர் இளைஞர் கதையனுப்பினார். முதற்பரிசு அவருக்குக் கிட்டவில்லை; எனினும் அவர் மனந்தளரவில்லை. அவர்தாம் பின்னர் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி. எஸ். ராமையா. அந்த மணிக்கொடியிலேதான் நம் கொங்கு நாட்டுக் கீரனூரிற் பிறந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘பாறையருகே’ என்னும் சிறுகதை வெளிவந்தது. முதற்பரிசு பெறாத ஒருவர் பிறர்க்கு வாயில் திறந்துவிட்டார் என்பதை நம் இளைஞர் மறவாதிருப்பாராக!

இனிப் போட்டிக்கு எழுதுவோர் அறியவேண்டியன சில. விதிகளை இருமுறை படித்தல் வேண்டும். சொல்லளவும் கடைசித் தேதியும் மீறலாகாது. பெயரைத் தனித்தாளில் எழுதுக என்றால் அவ்வாறே செய்க. ஒரே கதையை ஒரே சமயத்தில் இருவர்க்கு அனுப்புதல் தகாது. பிரதியொன்று வைத்துக்கொள்ளாமல் அனுப்புதல் கூடாது. நுழைவுக் கட்டணம் பெரிதாகக் கேட்பாரிடத்தும், “உன் கதை தேறிற்று, தொகுதியில் ஐம்பது பிரதிகளை நீயே வாங்கிக்கொள்” என்பாரிடத்தும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எழுத்தாளனுக்குப் பரிசளிப்பதே போட்டி. அவனிடம் பணம் பறிப்பது வியாபாரம்.

பயிற்சி முகாம்களோ வேறொரு நன்மை தருவன. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் 1936 முதல் எழுத்துப் பயிற்சி வகுப்பு நடந்து வருகின்றது. நம் கோவையிலே 1971-இல் ‘வானம்பாடி’க் கவிஞர்கள் ஒன்றுகூடி ஓர் இயக்கமே கண்டனர். 2010 முதல் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தார் ஆண்டுதோறும் இந்நகரில் விருது விழா நடத்த, வெளியூர் எழுத்தாளரும் வாசகரும் வந்து கூடுகின்றனர். இத்தகைய கூட்டங்களில், நாம் எழுதியதைப் பிறர் கேட்கும்போது எவ்விடத்தில் அவர் கவனம் தளர்கின்றது என்பது விளங்கும். தறியில் அறுந்த இழை நெய்தவன் கண்ணுக்குத் தப்பினும் துணியை விரித்துப் பார்ப்பவன் கண்ணுக்குத் தப்பாதன்றோ? ஆனால், ஆசிரியர் செப்பனிடக் கற்பிப்பாரேயன்றி நூலைத் தாரார். நூல் நம் ஊரிலும் வீட்டிலும் தோட்டத்திலும் கிடப்பது. நம் பெண்மக்களையும் இம்முகாம்களுக்கு அனுப்புதல் வேண்டும். அடுக்களையிலும் திண்ணையிலும் அவர் கேட்டறிந்தவை ஆடவர் அறியாதவை.

இப்பொழுது விண்ணப்பத்திற்கு வருகின்றோம். நமது சங்கம் கதைப் போட்டி ஒன்று நடத்த உத்தேசித்திருப்பது போற்றத்தக்கது. ஆயின், “கதைகள் நம் குலத்தின் பெருமையை விளக்குவனவாதல் வேண்டும்” என்றொரு விதி சேர்க்கப்படும் எனக் கேள்விப்படுகின்றோம். இவ்விதி வேண்டாமென்பதே நம் வேண்டுகோள்.

1942-இல் ஷண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. கணவனை இழந்த ஒரு பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கின்றாள். கூட்டுக் குடும்பம் பிளவுறுகின்றது. முடிவில் கொலை நேர்கின்றது. அதில் நம்மைப் புகழும் வார்த்தை எங்கே? எனினும் கொங்கு நாட்டுப் பேச்சும், மண்ணும், மனத்தாங்கலும் அந்நூலில் அழியாது நிற்கின்றன. இன்று அதனை நம் பெருமையென்று கொண்டாடுகின்றோம். மேற்சொன்ன விதியோடு அக்காலத்தில் நாம் ஒரு போட்டி நடத்தியிருந்தால், அந்நூல் முதற்சுற்றிலேயே தள்ளுண்டிருக்குமன்றோ?

நம் வீடுகளில் பங்காளி வழக்கில்லையா? சொத்தில் பங்கின்றி நிற்கும் பெண்ணில்லையா? பண்ணையத்தில் உழைத்தவர்க்கு நாம் செய்த அநீதி இல்லையா? இவற்றை நம் பிள்ளைகள் நமக்கஞ்சி மறைத்தெழுதினால், கைக்கு வருவது கதையன்று; கலியாண வாழ்த்துமடல்.

ஆதலின், விதிகள் இவ்வாறமைக: பொருள் எழுதுவோர் விருப்பம், பெயர் நீக்கிய பிரதியே நடுவரிடம் செல்லுதல், நடுவர் மூவருள் இருவரேனும் நம் சமூகத்துக்குப் புறம்பான இலக்கியம் அறிந்தோராதல், தேர்வுபெறாத கதைகளுக்கும் இரண்டு வரியிற் குறைநிறை எழுதி அனுப்புதல். பரிசுத் தொகை சிறிதாயினும் குற்றமில்லை.

பிள்ளைகள் உண்மை எழுதுக! பெரியோர் அதனைப் பொறுத்துப் படிக்க! சங்கம் ஓங்குக!