வாலன்பெர்க் குடும்பம்: சொத்தும் பொறுப்பும்

ஸ்வீடனின் வாலன்பெர்க் குடும்பம் ஐந்து தலைமுறைகளாக அந்த நாட்டின் வங்கித் தொழிலிலும் பெருந்தொழில்களிலும் கோலோச்சி வருகிறது. எரிக்சன், அட்லஸ் காப்கோ, ஏபிபி, அஸ்ட்ராசெனகா, எலக்ட்ரோலக்ஸ், போர் விமானம் கட்டும் சாப், எஸ்இபி வங்கி ஆகிய நிறுவனங்களில் இக்குடும்பத்தின் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் உலகப் பெரும் பணக்காரர் பட்டியலின் மேல்வரிசையில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆளும் நிறுவனங்களின் அளவுக்கும் சொந்தப் பணத்தின் அளவுக்கும் இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது என்பதை வணிகமும் பொறியியலும் படித்துப் பட்டம் பெறும் இந்த அவையினர் அறிந்துகொள்வது பயன் தரும்.

குடும்பத்தில் முதலில் பேர் பெற்றவர் வணிகர் அல்லர். லின்ஷோப்பிங் நகர பிஷப்பாக இருந்த மார்குஸ் வாலன்பெர்க், ஹோமரின் காவியங்களை ஸ்வீடிஷ் மொழிக்குக் கொண்டுவந்த புலவர். அவர் மகன் ஆந்த்ரே ஆஸ்கர் (1816–1886) கடற்படையில் சேர்ந்தார். இளவயதில் அமெரிக்கா சென்றபோது 1837-இன் வங்கி நெருக்கடியைப் பார்த்தார். வங்கித் தொழில் மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது அங்கேதான். ஊர் திரும்பி நீராவிக் கப்பலின் கேப்டனாகவும் இருந்தவர், 1856-இல் ஸ்டாக்ஹோம்ஸ் என்ஸ்கில்டா வங்கியைத் தொடங்கினார். அது தலைநகரின் முதல் தனியார் வங்கி. அன்றைய ஸ்வீடனில் தனியார் வங்கிகள் தாங்களே நோட்டு அச்சடித்துக் கடன் கொடுத்தே பிழைத்தன. ஆந்த்ரே ஆஸ்கரோ வட்டி தந்து பொதுமக்களின் சேமிப்பை வங்கிக்குள் இழுத்தார். அந்தப் பணம் தொழிலுக்கும் ரயில் பாதைக்கும் போனது. 1864-இல் அவர் வங்கியில் ஒரு பெண்ணை வேலைக்கு அமர்த்தினார். உலக அளவிலேயே அது மிக முந்திய முயற்சிகளில் ஒன்று.

குடும்பத்தின் சாதுரியத்தைப் புகழ்வோர் 1878-ஐ வசதியாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஆண்டு வங்கியின் பணம் ரயில்வே பத்திரங்களில் முடங்கிக் கிடந்தது. சந்தை சரிந்ததும் பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டு வந்தார்கள். 1879-இல் ரயில்வே பத்திரங்களின் பேரில் கடன் தர அரசு ஒரு நிதியம் அமைத்திராவிட்டால் வங்கியின் கதை அத்தோடு முடிந்திருக்கும். அரசின் நிழல் இல்லாமல் இந்த மரம் வளரவில்லை.

ஆந்த்ரே ஆஸ்கருக்குப் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் இருவர் தொழிலைத் தூக்கிப் பிடித்தார்கள். மூத்தவர் குனூட் அகத்தோன் (1853–1938) தகப்பனார் மறைந்த பின் வங்கியை நடத்தினார். 1914 முதல் 1917 வரை நாட்டின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி மூத்த மார்குஸ் (1864–1943) சட்டம் படித்தவர். மூழ்கிக்கொண்டிருந்த ஆலைகளை மீட்டெடுப்பதில் கெட்டிக்காரர். நார்வேயில் 1905-இல் உரத் தொழிலுக்காகத் தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோவின் பின்னாலும் அவர் இருந்தார். குனூட் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே நிலம் வாங்கி, ரயில் பாதை போட்டு, ஹோட்டல் கட்டி, சால்ட்ஷோபாடன் என்ற ஊரையே உருவாக்கினார். முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் 1938-இல் செய்துகொண்ட புகழ்பெற்ற தொழில் அமைதி உடன்பாட்டுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது.

இந்த இரு சகோதரர்களின் காலத்தில்தான் இரண்டு ஏற்பாடுகள் நடந்தன. வங்கி நேரடியாகப் பங்குகளை நீண்ட காலம் வைத்திருப்பதைச் சட்டம் கடினமாக்கியபோது, 1916-இல் இன்வெஸ்டர் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கி, தொழிற்பங்குகளை அதற்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு, பெற்ற பிள்ளைகள் இல்லாத குனூட்டும் மனைவி அலிசும் 2 கோடி குரோனாவைக் கொண்டு ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். பிற்காலத்தில் குடும்பத்தினர் வேறு சில அறக்கட்டளைகளையும் அமைத்தார்கள். இன்வெஸ்டரின் பெரும் பங்குதாரர்கள் இந்த அறக்கட்டளைகளே. அறக்கட்டளைக்கு வாரிசு கிடையாது, பாகப்பிரிவினை கிடையாது, ஸ்வீடனில் 2004 வரை இருந்த வாரிசு வரியும் அதைத் தொடவில்லை. அண்ணன் தம்பி சண்டையில் பங்கு பிரிந்து தொழில் சிதறும் வழி அடைபட்டது.

கட்டுப்பாட்டைக் காப்பாற்றிய மற்றொரு கருவி, வாக்குரிமை வேறுபட்ட பங்குகள். நூறு பங்குகள் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் பத்து ‘ஏ’ பங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. மீதி தொண்ணூறு ‘பி’ பங்குகள், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வாக்கு. மொத்தம் 19 வாக்குகளில் பத்து ‘ஏ’ பங்கு வைத்திருப்பவரிடம் இருக்கும். நூற்றில் பத்துப் பங்கு போட்டவர் பெரும்பான்மை பெற்றுவிடுவார். எரிக்சனில் இது உச்சத்துக்கே போயிருந்தது: 2004 வரை அங்கே ஒரு ‘பி’ பங்குக்கு ஆயிரத்தில் ஒரு வாக்குதான். இன்வெஸ்டரில் மூலதனத்தின் சுமார் 23 சதவீதத்தை வைத்துக்கொண்டு வாலன்பெர்க் அறக்கட்டளைகள் ஏறக்குறைய பாதி வாக்குகளைக் கையில் வைத்திருக்கின்றன. 1932 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி இதை ஒழிக்கவில்லை. நிறுவனங்கள் அந்நியர் கைக்குப் போகாமல், வேலைகள் உள்நாட்டில் தங்க வேண்டும் என்பது அக்கட்சியின் கணக்கு. சமத்துவம் பேசிய கட்சியும் ஒரே குடும்பத்தின் பிடியும் இப்படி ஒத்துப்போனது விசித்திரம்தான்.

மூன்றாம் தலைமுறையில் யாக்கோப் (1892–1980), இளைய மார்குஸ் (1899–1982) என்ற அண்ணன் தம்பி. தீக்குச்சி மன்னர் ஈவார் க்ரூகர் 1932 மார்ச்சில் பாரிஸில் உயிரை மாய்த்துக்கொண்டு அவருடைய சாம்ராஜ்யம் சரிந்தபோது, அதன் சிதறல்களில் நல்லவற்றைச் சேர்த்துக்கொண்டவர்களில் இவர்களும் உண்டு. எரிக்சன் நிறுவனம் இக்குடும்பத்தின் வட்டத்துக்குள் வந்தது அந்தச் சரிவின் விளைவாகவே. இரண்டாம் உலகப் போரில் யாக்கோப் ஜெர்மனியோடும் மார்குஸ் பிரிட்டனோடும் ஸ்வீடனுக்காக வணிகப் பேச்சு நடத்தினார்கள். யாக்கோப், ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்த கார்ல் கோர்டலரோடும் தொடர்பில் இருந்தார். அதே வேளையில் வங்கி, ஜெர்மன் பாஷ் நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைகளைப் பெயருக்கு வாங்கி, பின்னர் திருப்பித் தருவதென்ற மறைமுக ஏற்பாட்டோடு வைத்திருந்தது. அமெரிக்கா இதைக் கண்டுபிடித்து வங்கியின் சொத்துகளை முடக்கியது, 1947-இல்தான் விடுவித்தது. இதை நடுநிலை என்று சொல்வது பெருந்தன்மை. இரு பக்கமும் கால் வைத்தது என்பதே சரி.

அந்தப் போரில் குடும்பத்தின் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொருவரால். ஆந்த்ரே ஆஸ்கரின் கொள்ளுப்பேரன் ராவுல் வாலன்பெர்க் (பிறப்பு 1912) அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். குடும்ப வங்கியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1944 ஜூலையில் ஸ்வீடிஷ் தூதரகச் செயலாளராக புடாபெஸ்ட் சென்றார். மூன்று கிரீடம் பொறித்த பாதுகாப்புக் கடிதங்களை யூதர்களுக்கு வழங்கினார். வாடகைக்கு எடுத்த வீடுகளில் ஸ்வீடிஷ் கொடியை ஏற்றி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். 1945 ஜனவரி 17 அன்று சோவியத் படையினர் அவரைப் பிடித்துச் சென்றார்கள். 1947-இல் மாஸ்கோவின் லுபியான்கா சிறையில் இறந்ததாக சோவியத் அரசு 1957-இல் அறிவித்தது. அதை நம்பாதோர் ஏராளம். 2016-இல் ஸ்வீடன் அவரைச் சட்டப்படி இறந்தவராக அறிவித்தது. அத்தனை நாட்டுத் தலைநகரங்களிலும் கதவு திறக்கத் தெரிந்த குடும்பம் அவருக்காகப் போதிய அளவு தட்டவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. அந்தக் குறையில் நியாயம் உண்டு.

போருக்குப் பின் இளைய மார்குஸ் கோலோச்சினார். வங்கியைப் போட்டி வங்கியான ஸ்காண்டினாவிஸ்கா வங்கியோடு இணைக்க அவர் முடிவெடுத்தபோது அண்ணன் யாக்கோப் ஒப்பவில்லை. இணைப்பு உறுதியான சில நாட்களில், 1971 நவம்பரில், தலைமைக்கு வளர்க்கப்பட்ட மூத்த மகன் மார்க் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 47. 1972-இல் எஸ்இபி வங்கி பிறந்தது. தகப்பனார் அதிகம் எதிர்பார்க்காத இளைய மகன் பீட்டர் (1926–2015) 1982-இல் பொறுப்பேற்றார். இவரால் ஆகாது என்று பலர் கருதினார்கள். அவர் காலத்தில்தான் ஆசேயா (ASEA) நிறுவனம் சுவிட்சர்லாந்தின் பிரவுன் பொவேரியோடு 1988-இல் சேர்ந்து ஏபிபி ஆனது; 1999-இல் அஸ்ட்ரா பிரிட்டனின் செனகாவோடு சேர்ந்தது.

ஐந்தாம் தலைமுறையில் பொறுப்பு, முன்னோர் பெயர்களையே தாங்கிய மூவரிடம் பிரிந்தது. யாக்கோப் இன்வெஸ்டரின் தலைவரானார். மார்குஸ் எஸ்இபி, சாப் ஆகியவற்றின் தலைமையை ஏற்றார். இளைய பீட்டர் குனூட்-அலிஸ் அறக்கட்டளையின் தலைமையை. முதல் தலைமுறையே வங்கியில் பெண்ணை அமர்த்திய குடும்பம், ஐந்து தலைமுறைகளிலும் தன் பெண்களில் ஒருவரைத் தலைமை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. இது பெரிய ஓட்டை.

அறக்கட்டளைகளுக்குள்ள வரிச்சலுகைக்கு ஈடாக, அவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி ஸ்வீடனின் அறிவியல் ஆய்வுக்கும் கல்விக்கும் போய்ச் சேர வேண்டும். இன்று அது ஆண்டுக்கு 200 கோடி குரோனாவுக்கு மேல். தன்னியக்க அமைப்புகளுக்கென 2015-இல் தொடங்கி, பின்னர் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துக்கொண்ட திட்டம் இவற்றுள் பெரியது; அதன் பணத்தில் பல ஸ்வீடிஷ் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள். ஸ்வீடனில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். அந்த இடங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக விளம்பரம் செய்கின்றன. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.