அளந்து பார்த்த வேகம்



நெல்லை அளக்க மரக்கால் உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குத் தகவல் ஓடும் வேகத்தை எதனால் அளப்பது? இவ்வினா கலைப் பட்டதாரியாகிய எனக்கு, எங்கள் பாடசாலையிலே நேர்ந்த ஒரு சங்கடத்தினால் எழுந்ததாகும்.

எங்கள் கணினிக் கூடத்தில் முப்பது கணினிகள் உள. பாடங்களுக்குரிய காணொளிகள் பாடசாலையிலேயே உள்ள தலைமைக் கணினியொன்றில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பு முழுவதும் ஒரே வேளையில் அவற்றைத் திறந்தால், படங்கள் தயங்கித் தயங்கி நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பே குற்றவாளி என்று யாவரும் தீர்ப்புக் கூறினோம். கூடிய வேகமுள்ள இணைப்பைப் பெறுவதற்காகப் பெற்றாரிடம் பணம் கோரும் கடிதத்தில் நானும் ஒப்பமிட்டுவிட்டேன்.

கடிதம் செல்லுமுன், பழைய மாணவரொருவர் “ஐயா, முதலில் அளந்து பார்ப்போமே” என்றார். அவர் கொணர்ந்த கருவி ‘ஐபெர்ஃப்’ என்னும் மென்பொருள். இதற்கொரு முன்னோடி உண்டு. 1983 ஆம் ஆண்டில் ‘பிங்’ என்னும் புகழ்பெற்ற நிரலை எழுதிய அமெரிக்கர் மைக் மூஸ், 1984 இல் டெரி சிலாட்டரி என்பவருடன் சேர்ந்து ‘டி.டி.சி.பி.’ என்னும் அளவைக் கருவியை ஆக்கினார். அவ்வழியிலே பின்னர் பிறந்ததே ஐபெர்ஃப். அதன் மூன்றாம் வடிவம் 2014 இல் வெளியாயிற்று. எவரும் இதனை விலையின்றிப் பெறலாம்.

இது செயற்படும் முறை மிக எளிது. ஒரு கணினி பெறுவதற்குக் காத்திருக்கும். மற்றது பத்துச் செக்கன்கள் இடைவிடாது தகவலை அனுப்பும். அத்தகவல் நினைவகத்திலேயே உண்டாகி, சென்றடைந்ததும் கைவிடப்படும். வட்டுகளின் மந்தம் கணக்கிலே கலவாது. வழியின் வேகம் மட்டுமே தெரியவரும்.

தலைமைக் கணினிக்கும் கூடத்துக் கணினியொன்றுக்கும் இடையே அளந்தோம். செக்கனுக்கு 1000 மெகாபிட் செல்லத்தக்க வழியிலே 94 மெகாபிட்டே சென்றது! முப்பது மாணவர் பங்கிட்டால் ஒருவருக்கு மூன்று மெகாபிட் அளவே கிட்டும். தெளிவான காணொளிக்கு அது எங்ஙனம் போதும்?

அந்த 94 என்ற எண்ணே நோயையும் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு தகவற் பொதியும் கடித உறையைப் போல முகவரி முதலியவற்றையும் சுமந்து செல்வதால், 100 மெகாபிட் வழியிலே பயனாகக் கிட்டுவது 94 அளவேயாகும். ஆகவே எங்கள் வழி ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்கியிருந்தது. வடத்தினுள்ளே நான்கு சோடிக் கம்பிகள் உள. ஆயிரத்துக்கு நான்கு சோடிகளும் வேண்டும்; நூறுக்கு இரண்டே போதும். தலைமைக் கணினிக்குச் செல்லும் வடத்தின் முனையிலே ஒரு கம்பி அறுந்திருக்கக் கண்டோம். முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்தியபின் அளந்தபோது 940 மெகாபிட் சென்றது. காணொளிகள் தடையின்றி ஓடின. நான் என் கடிதத்தைக் கிழித்தெறிந்தேன்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். அளக்கும் வேளையில் இம்மென்பொருள் வழி முழுவதையும் நிரப்பிவிடுமாதலால், வகுப்பு நடைபெறும்போது அளத்தல் ஆகாது. மேலும், எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 94 மெகாபிட் என்பது 12 மெகாபைட்டுக்கும் குறைவே. இவ்விரண்டையும் மயங்கிக்கொண்டு, இணைப்பு வழங்குவோரை வீணே ஏசுவோர் பலர்.

நேயர்களே, புதிய இணைப்பு வாங்கியிருந்தாலும் அறுந்த கம்பி அறுந்தபடியேதான் இருந்திருக்கும். ஏழைப் பெற்றாரின் பணமோ போயிருக்கும். குறை எங்கேயென்று அளந்தறியாமல் பிறர்மீது பழி சுமத்துதல் எளிது; அதன் செலவைச் சுமப்பவர் வேறொருவராதலின், அளந்து பார்த்தல் நம் கடமையாகின்றது.