வணிக வளாகம் எழுந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோலாலம்பூருக்குச் சென்று வந்தவர்கள் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தை அறிவார்கள். அங்கே 2007ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெவிலியன் என்னும் பெரிய வணிக வளாகம் உள்ளது. அவ்வளாகம் எழுந்த நிலத்தில் அதற்கு முன்பு எழுபது ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடம் நடைபெற்றது. புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி என்பது அதன் பெயர். அப்பள்ளியின் வரலாற்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

இப்பள்ளி 1893ஆம் ஆண்டில் தோற்றம் பெற்றது. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று எல்லா இனத்தாருமே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கிறிஸ்தவ சமயத் தொண்டர்கள் சிலர் சீனப் பெண் குழந்தைகளுக்கென்று அதனைத் தொடங்கினர். ஆகவே, சீனப் பெண்கள் பள்ளி என்றே அது முதலில் அழைக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டில் புக்கிட் பிந்தாங் சாலைக்கு இடம்பெயர்ந்தபோது அச்சாலையின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டது. நாளடைவில் எல்லா இனத்துப் பெண் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஆங்கிலத்தில் கல்வி கற்கும் பள்ளியாக அது வளர்ந்தது. தலைநகரின் பெயர்பெற்ற பள்ளிகளுள் ஒன்றாகவும் விளங்கிற்று.

அதே காலத்தில் நம் தோட்டங்களின் நிலை என்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பயனாகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. எனினும் அங்குக் கிடைத்தது தொடக்கக் கல்வி மட்டுமே. ஆங்கில இடைநிலைப்பள்ளிகளோ பட்டணத்தில் இருந்தன. அங்கே செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். பள்ளிக் கட்டணம் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். தாய் பால்மரம் சீவச் சென்றுவிட்டால், லயத்தில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது. அவளுக்கும் அந்த வகுப்பறைக்கும் இடையே இருந்த தொலைவை மைல் கணக்கில் அளக்க இயலாது.

சுதந்திரத்திற்குப் பின்னர் அத்தொலைவு சிறிது குறைந்தது. 1964ஆம் ஆண்டு வரை, இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தவறிய பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. அத்தேர்வு நீக்கப்பட்டபின், 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று, அதன்பின் முதலாம் படிவத்திற்குச் சென்றனர். அந்த ஓராண்டைச் சுமையென்று கருதி இடையிலேயே நின்றவர் பலர். பொறுமையுடன் கடந்து ஆசிரியராகவும் தாதியராகவும் வந்தவர்களும் உண்டு.

பெரியோர்களே, ஒரு பள்ளி எப்போதும் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. புக்கிட் பிந்தாங் பள்ளியில் முதலில் மாறியது மொழி. தேசிய மொழியே கல்வி மொழியாக வேண்டும் என்ற கொள்கைப்படி, தீபகற்ப மலேசியாவின் ஆங்கிலப் பள்ளிகள் 1970ஆம் ஆண்டில் முதலாம் வகுப்பிலிருந்து மாறத் தொடங்கின. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நடந்த அம்மாற்றம் 1982ஆம் ஆண்டளவில் இடைநிலைக் கல்வி முழுவதையும் தழுவிற்று. பள்ளி நின்றது, ஆயினும் ஆங்கிலப் பள்ளி என்ற நிலை மறைந்தது.

அடுத்து மாறியது சுற்றுப்புறம். 1977இல் சுங்கை வாங் வணிக வளாகம் வந்தது. கடைகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. நிலத்தின் விலை உயர்ந்தது. குழந்தைகள் விளையாடிய திடல், வணிகர்களின் கண்ணுக்குப் பொன் விளையும் பூமியாகத் தோன்றியதில் வியப்பில்லை. இறுதியில் 2000ஆம் ஆண்டில் பள்ளி அவ்விடத்தை விட்டு அகன்றது. செராஸ் பகுதியில் புதிய கட்டடம் கிடைத்தது. ஸ்ரீ பிந்தாங் உத்தாரா என்ற புதிய பெயரும் கிடைத்தது. 107 ஆண்டுகள் வாழ்ந்த பள்ளியின் பழைய பெயர் பலகையிலிருந்து இறங்கியது. பழைய மாணவியர் அதனைத் தம் நெஞ்சில் வைத்துக் காத்து வருகின்றனர்.

பட்டணத்துப் பள்ளியின் கதை நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பின்னாளில் அவ்வெண்ணிக்கை ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் வெளியேறினர், பிள்ளைகள் குறைந்தனர், பள்ளியின் கதவு சாத்தப்பட்டது. தலைநகரின் புகழ்பெற்ற பள்ளியையே நிலத்தின் விலை பெயர்த்துவிட்டதென்றால், லயத்தின் ஓரத்தில் உள்ள நான்கு வகுப்பறைகள் எம்மாத்திரம்?

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன். தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி எட்டியவுடனேயே, பள்ளி எங்கே செல்லும் என்று கேளுங்கள். கட்டடம் இடிந்தாலும் பள்ளியின் உரிமத்தை வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல வழியுண்டு. அவ்வாறு இடம்பெயர்ந்து பிழைத்த தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். கேட்பவற்றை எழுத்தில் கேளுங்கள்; பதிலையும் எழுத்தில் பெறுங்கள். பள்ளியின் பழைய பதிவேடுகளையும் படங்களையும் குப்பையில் போக விடாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். இல்லையெனில் அதனைப் பெறும் முயற்சியை இன்றே தொடங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமையால் பள்ளி வாசலிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெண் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து இடையில் நிறுத்தாதீர்கள். 1893ஆம் ஆண்டில் சிலர் துணிந்து தம் மகளிரை அனுப்பியதால்தான் அந்தப் பள்ளி பிறந்தது. அங்கே படித்தவர்கள் தம் மகளிரையும் படிக்க வைத்தனர். பள்ளி இருந்த நிலத்தை விற்கலாம், வாங்கலாம். ஒரு பெண் கற்ற கல்வியை எவரும் விலைபேச இயலாது.