பார்த்துக்கொள்பவரையும் பார்த்துக்கொள்வோம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

  

நாங்கள் வந்தாலே சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, தவணை பாக்கி யார் யாருக்கு என்றுதான் கேட்போம். இன்றைக்கு அதைக் கேட்கப்போவதில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்தக் கடனின் பெயர் குற்ற உணர்வு. "என்னாலதான் இப்படி ஆச்சு" என்று ஒருத்தி ராத்திரியெல்லாம் தூங்காமல் கட்டிக்கொண்டிருக்கிற வட்டி அது.

யாருக்கு இது வருகிறது? நோயாளிகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு. நம் மாவட்டத்தில் இருந்து திருச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று முதியோர் இல்லங்களுக்கும், நர்சிங் ஹோம்களுக்கும், வீட்டோடு தங்கி ஆள் பார்க்கவும் போகிறார்கள். உள்ளூரிலும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதே, அதில் பிரஷர், சுகர் மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம் குழுக்களில் இருந்து போனவர்கள்தானே? சம்பளமே இல்லாமல் மாமியாரையும் மாமனாரையும் படுக்கையில் வைத்துப் பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு வேலை செய்யாதவர் யாராவது இருக்கிறோமா?

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு குழுவின் உறுப்பினர் அவர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இருந்த தென்னை எல்லாம் சாய்ந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்காக வெளியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். பதினான்கு பேருக்கு இவர் ஒருத்திதான். ஒருநாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். ஒரு பாட்டி பாத்ரூம் போகணும் என்று கூப்பிட்டிருக்கிறார். அதே நேரம் பக்கத்து அறையில் ஒரு தாத்தாவுக்கு மூச்சு இரைத்திருக்கிறது. "இரு பாட்டி, இதோ வந்திடறேன்" என்று சொல்லிவிட்டு அங்கே ஓடியிருக்கிறார். பாட்டி தானாக எழுந்து நடந்து, ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இல்லத்தில் பாதிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பாட்டியின் மகள், "உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனோம்" என்று கேட்டிருக்கிறார்.

ஊருக்கு வந்தவர் மூன்று மாதம் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு தவணை கட்டவில்லை. குழுவில் என்ன பேச்சு வந்தது தெரியுமா? "கடன் கட்டாம ஒளிஞ்சுக்கிறா." ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் பணம் கேட்கத்தான் வீட்டுக்குப் போனார்கள். தலை வாராமல், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவர் சொன்னது ஒன்றுதான்: "'வந்திடறேன்'னு சொன்னேங்க்கா. அதுக்குள்ள வரலையே."

சகோதரிகளே, தவணை கேட்கப் போனவர்கள் அதற்குப் பிறகு தவணை பற்றிப் பேசவில்லை. இரண்டு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய உதவி என்பதை இனிமேல் சொல்கிறோம்.

இது அவருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார். சிகிச்சையில் தவறு நடந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. அதைச் செய்த மருத்துவரோ நர்ஸோ 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அவர்தான் பெயர் வைத்தார். நோயாளியின் குடும்பத்துக்கு வந்த நஷ்டத்தை இது குறைத்துப் பேசுவது ஆகாது. அவர்கள் துக்கம்தான் முதல் துக்கம். ஆனால் இரண்டாவதாக ஒருவர் உடைந்து கிடக்கிறார், அவரைக் கவனிக்க யாரும் இல்லை என்பதுதான் விஷயம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கிம்பர்லி ஹயட் என்று ஒரு நர்ஸ். குழந்தைகள் மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 2010 செப்டம்பரில், ஏற்கனவே மிகவும் பலவீனமாக இருந்த ஒரு கைக்குழந்தைக்கு மருந்தின் அளவைக் கணக்குப் போட்டதில் தவறி, பத்து மடங்கு கொடுத்துவிட்டார். உடனே தானே போய்ச் சொன்னார். மறைக்கவில்லை. சில நாளில் குழந்தை இறந்தது. அவருக்கு வேலை போனது. அடுத்த ஏப்ரலில் அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். குழந்தையும் போய், எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய கையும் போனது. இதனால் யாருக்கு என்ன லாபம்?

அதே நாட்டில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்காட் என்ற நர்ஸும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்டவர்களிடம் பேசிப் பார்த்து, 2009இல் ஒரு விஷயத்தை எழுதினார்கள். இந்த வேதனை ஆறு படியாகப் போகிறதாம். முதலில் ஒரே குழப்பம், பதற்றம். அடுத்து, நடந்ததே திரும்பத் திரும்பக் கண்முன் வரும். 'அப்படிச் செய்திருந்தா, இப்படிச் செய்திருந்தா' என்று மனசு சுற்றும். மூன்றாவது, 'இனி என்னை யார் நம்புவாங்க' என்ற பயம். நான்காவது, விசாரணை, கேள்வி, வேலை போகுமோ என்ற கவலை. ஐந்தாவது, யாரிடமாவது மனசைக் கொட்டத் தேடுவது. ஆறாவதில் பாதை மூன்றாகப் பிரிகிறது. சிலர் வேலையை விட்டே போய்விடுவார்கள். சிலர் உள்ளே வலியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள். சிலர் அதில் கற்றுக்கொண்டதை வைத்து முன்னைவிட நல்லபடியாக வேலை செய்வார்கள்.

நம் சகோதரி எந்தப் படியில் நின்றுகொண்டிருந்தார் என்று உங்களுக்கே புரியும். ஐந்தாவது படிக்கு ஆள் கிடைக்காமல் இரண்டாவது படியிலேயே மூன்று மாதம் நின்றிருக்கிறார். கூட உட்கார்ந்த அந்த இரண்டு மணி நேரம்தான் அவரை நகர்த்தியது.

சரி, என்ன செய்வது? நமக்குத் தெரிந்த கணக்கு முறையிலேயே செய்வோம். ஒரு நோட்டில் நடுவில் கோடு போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம், என் கையில் இருந்தது. வலது பக்கம், என் கையில் இல்லாதது.

அந்தச் சகோதரியோடு உட்கார்ந்து எழுதியதைச் சொல்கிறோம். இடது பக்கம்: 'பாட்டி தானா எழுந்திரிக்கிறவங்கன்னு தெரியும். கட்டிலில் உட்கார வைக்காம, எதையாவது பிடிச்சுக்கச் சொல்லாம போனேன்.' வலது பக்கம்: 'பதினாலு பேருக்கு ஒரு ஆள். பாத்ரூம்ல கைப்பிடி கிடையாது. தரை ஈரம். ராத்திரி விளக்கு இல்லை. கூப்பிட மணி இல்லை. தாத்தாவுக்கு மூச்சு முட்டினது. பாட்டிக்கு பிரஷர் மாத்திரை, எழுந்தா தலை சுத்தும்.' எழுதி முடித்துவிட்டு அவரே சொன்னார்: "இந்தப் பக்கம் இவ்வளவு நீளமா இருக்கே!"

இடது பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். நம் பங்கு நம்முடையதுதான். அதை ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்க நினைத்தால் மனசு விடாது. ஆனால் குழுவில் ஒருத்தி வாங்கிய கடனுக்கு அவள் தவணைதான் அவள் கட்டுவாள். எல்லோர் கடனையும் ஒருத்தி தலையில் ஏற்றினால் அது நியாயமா? இல்லத்தின் கடனையும், கட்டடம் கட்டியவர் கடனையும், வயதின் கடனையும் சேர்த்துத் தன் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடாது.

முதியவர்கள் விழுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். அதில் 60 வயது தாண்டியவர்கள்தான் அதிகம். பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தும் விழுகிறார்கள். இடுப்பு முறிந்தால், வயதான உடம்பு பல நேரம் அதைத் தாங்குவதில்லை.

சட்டமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: மருத்துவப் பணியில் இருப்பவரின் சாதாரணக் கவனப் பிசகோ, கணிப்பில் வந்த தவறோ, விபத்தோ மட்டும் கிரிமினல் குற்றம் ஆகிவிடாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். எல்லா வேலைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 'போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்' என்ற பயத்தில் ஒளிந்துகொள்ளாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் கேட்கலாம். போன் 15100. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாலும் அங்கேயே கேளுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கணும். 'நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்பது வேறு. 'நானே தப்பானவ' என்பது வேறு. முதலாவது திருத்திக்கொள்ள வழி காட்டும். இரண்டாவது ஆளையே தின்றுவிடும்.

இனி குழு என்ன செய்யலாம்?

1. கூட்டத்துக்கு வராதவரை 'ஒளிகிறாள்' என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் போய்ப் பாருங்கள். தவணைப் பேச்சு அப்புறம்.

2. "எல்லாம் விதி", "மறந்திடு", "இதுக்குப் போய் அழுவியா" என்று வாயை அடைக்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். அதே கதையை ஊரில் நாலு பேருக்கு முன்னால் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

3. 'ராசியில்லாத கை' என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இருக்கிற வேலையும் போவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

4. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு வருகிறது என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 104க்கும் கூப்பிடலாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருவர் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மனசுக்கு மருந்து சாப்பிடுவது அவமானம் இல்லை. பிரஷர் மாத்திரை மாதிரிதான் அதுவும்.

5. தவணையைக் கூட்டத்தில் பேசித் தள்ளி வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் சொன்ன அந்தக் குழு மூன்று மாதத் தவணையைத் தள்ளி வைத்தது. அவர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். பாட்டியின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஊக்குநர் எழுதிக் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி சொல்லி, வருத்தத்தையும் சொல்லியிருந்தார். பதில் வரவில்லை. பதில் எழுதுவதும் எழுதாததும் அந்த மகளின் உரிமை. மன்னிப்புக் கேட்பது நம் பங்கு, கொடுப்பது அவர் பங்கு. அந்த வேலைக்கு அவர் இன்னும் திரும்பவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

இப்போது வேலையில் இருக்கிற சகோதரிகளுக்கு. யாராவது விழுந்துவிட்டால் பதற்றத்தில் உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, எங்கே வலிக்கிறது, ரத்தம் வருகிறதா பாருங்கள். இடுப்பிலோ கழுத்திலோ வலி என்றால் அசைக்காமல் போர்த்திவிட்டு, பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் டாக்டருக்குச் சரியான வைத்தியம் செய்ய முடியாது. பின்னால் உங்கள் பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள்? கைப்பிடி, விளக்கு, மணி இருக்கிறதா? தனியாகக் கேட்டால் "இஷ்டம் இருந்தா இரு, இல்லாட்டி போ" என்பார்கள். அதனால் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து கேளுங்கள். கூட்டமைப்பின் பெயரில் கடிதம் வேண்டும் என்றால் எழுதித் தருகிறோம்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற மூத்த அக்காமார்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு சைக்கிளுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். அந்தக் கை இருந்ததால்தான் ஏறி உட்காரத் தைரியம் வந்தது. அந்தக் கையாக நம் குழுக்கள் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்கு எடுங்கள். நம் குழுவில் ஆள் பார்க்கிற வேலைக்குப் போகிறவர் யார் யார்? வீட்டில் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவர் யார் யார்? பெயரை எழுதி, மாதம் ஒருமுறை "நீ எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று எல்லோரும் கேட்பார்கள். இவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.